"கடைசியில போடு" எண்டது விளக்கமா?

சி மொழி படிக்கிற பெடியள் எல்லாருக்கும் ஒருநாள் இந்த வசனம் திரையில வரும்: "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்". பங்ஷன் லைப்ரரியில இருக்கு, லைப்ரரியின் பெயரும் கட்டளையில இருக்கு, ஆனாலும் காணேல்லையாம். கேட்டால் ஒரே பதில்: "லைப்ரரியைக் கடைசியில போடு." போட்டால் சரிவருது. ஏன் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

இதில மந்திரம் ஒண்டும் இல்லை. லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாக வாசிக்கிறது. கூப்பிடப்பட்ட, ஆனால் இன்னும் கிடைக்காத பெயர்களை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கட்டிய மூட்டை. அது வரும்போது, பட்டியலில் உள்ள பெயர் எந்த ஃபைலில் இருக்கிறதோ அதை மட்டும் எடுக்கும். அந்த ஃபைல் புதுப் பெயர்களைக் கேட்டால் அதே மூட்டைக்குள் திரும்பவும் தேடும். பிறகு கடந்து போய்விடும். மூட்டையை முதலிலேயே நீட்டினால் அதைக் கேட்க ஆளில்லை; ஒண்டும் எடுபடாது.

இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். "நேரமில்லை" என்கிற சாட்டு எடுபடாது.

சொல்லாததால்தான் பிழையான கதைகளும் வளருது. "ஹெடரை இன்குளூட் பண்ணினால் முழு லைப்ரரியும் உள்ள வந்திடும்" என்பினம். வராது. ஹெடர் பெரும்பாலும் அறிமுகம் மட்டுமே. உள்ளே வருவது கூப்பிட்ட பங்ஷன் இருக்கிற ஃபைல். ஆனால் வழமையாக ஃபைல் முழுதாக வரும்: பத்துப் பங்ஷனை ஒரே ஃபைலில் எழுதியிருந்தால், ஒண்டைக் கேட்டவருக்குப் பத்தும் வந்து சேரும். அதனால்தான் மஸ்ல் லைப்ரரியில் பெரும்பாலும் ஒரு பங்ஷனுக்கு ஒரு ஃபைல். பங்ஷன்களைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, தேவையில்லாததை லிங்கரே கழிக்கச் செய்யவும் வழியுண்டு. ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 32 கிலோபைட் ஃபிளாஷ். அங்க இது சின்ன விஷயமில்லை.

இந்த வரிசை விதி இயற்கையின் சட்டமும் இல்லை. குனூ லிங்கர் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்எல்விஎம்மின் எல்எல்டியோ கடந்து வந்த மூட்டைகளையும் ஞாபகம் வைத்திருக்கிறது. அப்ப பிழை மாணவரின் மண்டையில் இல்லை. கருவியின் பழக்கத்தில் இருக்கு.

காரணம் தெரியாமல் கட்டளையை மாத்தி மாத்திப் பார்க்கிறதுக்குப் பெயர் பொறியியல் இல்லை. படிப்பிக்கிறவை தயவுசெய்து காரணத்தையும் சொல்லுங்கோ.