முன்பணம் கட்டும் முன்பே கணக்கைச் சொல்லுங்கள்

உயர்கல்வித் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,



அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். பொதுத்தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து பெற்றோர்கள் ஒரே கேள்வியோடுதான் என்னைத் தேடி வருகிறார்கள்: "டீச்சர், கவர்மெண்ட் கவுன்சலிங்ல கிடைக்கிற காலேஜ்ல சேர்க்கறதா, பிள்ளை ஆசைப்படற அந்தப் பெரிய யுனிவர்சிட்டியிலயே சேர்த்துடறதா?" முடிவு அந்தக் குடும்பத்துடையது. ஆனால் அந்த முடிவை எடுக்கத் தேவையான விவரங்கள் உரிய நேரத்தில் அவர்கள் கைக்கு வருவதில்லை. அதைச் சரிசெய்யும் அதிகாரம் தங்களிடம் இருப்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் பொதுத்தேர்வு முடிவு வரும் முன்பே தங்கள் நுழைவுத் தேர்வை நடத்திவிடுகின்றன. இடம் கிடைத்துவிட்டது, இன்ன தேதிக்குள் முன்பணம் கட்டுங்கள் என்று செல்பேசிக்குச் செய்தி வருகிறது. அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கோ மே மாதத்தில்தான் பதிவே தொடங்குகிறது. தரவரிசைப் பட்டியல் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வருகிறது. இடம் கைக்கு வர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று தெரிவதற்குள் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. பிறகு கலந்தாய்வில் நல்ல கல்லூரியே கிடைத்தாலும், "கட்டின பணம் போயிடுமே" என்ற அச்சம் பெற்றோரைத் திரும்ப விடுவதில்லை.

அந்தப் பணம் போகாது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதித்த விதி தெளிவானது: செப்டம்பர் 30க்குள் விலகினால் கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த விதியை எந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, கடன் கணக்கு. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கட்டணம் உள்ள படிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். ஹாஸ்டல், மெஸ், மடிக்கணினி எல்லாம் தனி. இந்த 12 லட்சத்தையும் 11 சதவீத வட்டியில் கல்விக் கடனாக வாங்கினால், படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தனிவட்டி மட்டுமே சுமார் 4.6 லட்சம் சேர்கிறது. தவணை தொடங்கும்போது நிலுவை 16.6 லட்சம். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் கட்ட வேண்டும். கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 27 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒன்றிய அரசின் வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கடனில் 10 லட்சம் வரைக்கும், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் மட்டுமே பொருந்துவது. முதல் சம்பளம் வாங்கப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இந்தத் தவணை ஏறப் போகிறது என்பதைச் சேர்க்கை மையத்தில் யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் அதிலும் 25,000 ரூபாயை அரசு ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றும் அரசின் பொறுப்பு. முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே. ஏப்ரலில் நேரடியாக நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிச் சேரும் குடும்பம், தனக்கு உரிமையான இந்த உதவிகளைத் தெரியாமலேயே கைவிடுகிறது. ஒரு கல்லூரிக்கு அதிகப் பணம் கொடுப்பதோடு, கையில் இருந்த சலுகையையும் இழப்பதால் நட்டம் இரண்டு மடங்காகிறது.

நகையை அடகு வைக்கும் பெற்றோர்கள் அப்துல் கலாமை நினைவூட்டுவார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அவருக்கு ஆயிரம் ரூபாய் அளவில் பணம் தேவைப்பட்டது. அவருடைய அக்கா சொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் உருக்கும் நிகழ்ச்சி அது. ஆனால் அதே எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. அரசுக் கலந்தாய்வு வழியே அதில் சேரலாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறும் பிள்ளைக்கு எந்த அக்காவும் வளையல் கழற்ற வேண்டியதில்லை. அந்த நிலையை உருவாக்கியது இந்த மாநிலத்தின் பொதுக் கல்விதான். அதன் பயனை உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பதில்தான் தவறுகிறோம்.

மூன்றாவது, வேலைவாய்ப்பு விளம்பரம். நெடுஞ்சாலைப் பதாகைகளில் ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்ச ஊதியம் ஆளுயர எழுத்தில் இருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் வீட்டை அடமானம் வைக்கிறார்கள். உயர்கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலை ஊதியம் எவ்வளவு என்ற தரவைத் தருகிறது. வேலை பெற்றவர்களைச் சம்பள வாரியாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. என் மாணவிக்கு எது கிடைக்கக்கூடும் என்று கணிக்க உச்ச ஊதியம் உதவாது. இந்த நடு எண்தான் உதவும். பொதுவில் கிடைக்கும் இந்தத் தரவை ஆங்கிலப் படிவங்களிலிருந்து எடுத்துத் தமிழில் தர அரசுக்குப் பெரிய செலவில்லை.

பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரியின் நிலையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். கட்டணம் குறைவு என்ற ஒன்றுக்காக மட்டும் ஒரு கல்லூரியைப் பரிந்துரைக்க என் மனசாட்சி இடம் தராது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏராளமான வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் நடத்துகிறார்கள். 2023இல் அவர்களுடைய மாத ஊதியம் 25,000 ரூபாயாக இருந்தது. நான் மேலே போட்ட கடன் தவணைக்கும் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆசிரியரின் ஊதியத்துக்கும் இடையே இரண்டாயிரம் ரூபாய்தான் வேறுபாடு. ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. தேர்வு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தலைமுறை மாணவர்கள் நிரந்தர ஆசிரியர் இல்லாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள். அவர்களின் தம்பி தங்கைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூரத்து வளாகத்தைக் கனவு காண்கிறார்கள். அந்தக் கனவைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியாது.

அரசுக் கல்லூரி என்றால் இரண்டாம் தரம் என்பதும் உண்மையில்லை. 1840இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள் சி.வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும். அதே கல்லூரி 2023 தேசியத் தரவரிசையில் நாட்டின் கல்லூரிகளில் மூன்றாம் இடம் பெற்றது. ஆசிரியரும் ஆய்வகமும் நூலகமும் தந்தால் அரசுக் கல்லூரி எதுவரை போகும் என்பதற்கு அதுவே சான்று. மாநிலக் கல்லூரிக்குச் சாத்தியமானது மாவட்டக் கல்லூரிக்கும் சாத்தியமாக வேண்டும்.

கனவுப் பல்கலைக்கழகத்துக்குப் போகவே கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வேறெங்கும் இல்லாத பாடப்பிரிவு, முழு உதவித்தொகை, கடனைத் தாங்கும் குடும்ப வருமானம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் போகலாம். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேசியத் தரவரிசையின் அடிப்படையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) பிணை இல்லாமல் கடனுக்கு வழி செய்கிறது. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதற்கும், செல்பேசிச் செய்தியைப் பார்த்துப் பதறி முடிவெடுப்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்க்கை இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: மார்ச் மாதம் பொதுத்தேர்வு முடிவதற்குள், ஒவ்வொரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் வீட்டுக்கும் தமிழில் ஒரே ஒரு தாள் போக வேண்டும். கலந்தாய்வுத் தேதிகள், அதன் வழியே மட்டும் கிடைக்கும் சலுகைகள், கட்டணம் திரும்பப் பெறும் விதி, புகார் செய்ய வேண்டிய இடம் ஆகியவை அதில் இருக்கட்டும்.

இரண்டு: 2022 முதல் நடந்துவரும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று சொல்கிறோம். அதே மேடையில் கடன் தவணையையும் போட்டுக் காட்ட வேண்டும். பெற்றோரும் உட்கார்ந்து கேட்கும்படி அதை மாலையில் நடத்த வேண்டும். கணக்குப் போட எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தயார்.

மூன்று: தமிழ்நாட்டில் இயங்கும் எல்லா உயர்கல்வி நிறுவனங்களின் முழுப் படிப்புச் செலவையும் இடைநிலை ஊதியத்தையும் அருகருகே காட்டும் இணையதளம் ஒன்றை அரசு நடத்த வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்க முடியாமல் இருக்கலாம். அதை மக்களுக்குத் தெரியப்படுத்த எந்தத் தடையும் இல்லை. கலந்தாய்வு முடியும்வரை முன்பணம் கேட்கக் கூடாது என்று விதி செய்யும்படி மானியக் குழுவையும் தாங்கள் வலியுறுத்த வேண்டும்.

நான்கு: அரசுக் கல்லூரிகளில் காலியாக உள்ள பேராசிரியர் பணியிடங்களை, தேதி குறித்து, அந்தத் தேதி மாறாமல் நிரப்ப வேண்டும். மற்ற மூன்றும் பெற்றோருக்கு உண்மையைச் சொல்லும். அந்த உண்மை கேட்க நன்றாக இருக்க வேண்டுமானால் இது நடந்தாக வேண்டும்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதினரில் 47 சதவீதம் பேர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 28.4. பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவருவதில் இந்த மாநிலம் வென்றுவிட்டது. அவர்கள் எந்த வாசலில் நுழைகிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார்கள் என்பதையும் அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும். அடுத்த பொதுத்தேர்வுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. முதல் கோரிக்கைக்கு வேண்டியது ஓர் அரசாணையும் ஒரு தாளும்தான். வரும் மார்ச்சுக்குள் அதையாவது செய்து தாருங்கள்.

மிகுந்த நம்பிக்கையுடன்,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை