ஓடாத டிவிடியும் ஓட்டைச் சட்டமும்

1976-இல் 'அன்னக்கிளி' வழியாகப் பண்ணைப்புரத்து இளையராஜா திரைக்கு வந்தார். மறு ஆண்டே அல்லிநகரத்துப் பாரதிராஜா '16 வயதினிலே' தந்தார். இருவரையும் தந்த தேனிச் சீமையின் நினைவில் பெரும்பகுதி படமாகவும் பாட்டாகவும் இருக்கையில், நூலகங்கள் பழுதான டிவிடியை ஆராயாமல் கழித்துக்கட்டுவது சரியல்ல. டிவிடியில் தகவல் அடுக்கு, 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. அதனால் அடிப்பக்கத்தின் மேலோட்டமான கீறலை மெருகேற்றி நீக்கிவிடலாம். ஒட்டு விட்டு உள்ளடுக்கு அரித்துவிட்டாலோ, கணினியில் பதிந்த தட்டின் சாயம் கெட்டுவிட்டாலோ பெரும்பாலும் மீட்பில்லை. பழுதாகும் முன்பே படியெடுப்பதுதான் வழி.

அங்கேதான் சட்டம் இடிக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. ஆனால் டிஜிட்டல் அல்லாத படி ஒன்று ஏற்கெனவே கையிருப்பில் இருக்க வேண்டும் என்கிறது. டிவிடியோ டிஜிட்டல்! எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். ஏற்றியவர் எடுத்துவிட்டால் கேட்க நாதியில்லை. திருட்டுப் பிரதி பெருகும் என்ற தயாரிப்பாளர்களின் அச்சம் நியாயமானதே. நூலகத்துக்குள் மட்டுமே பார்க்கலாம் என்று வரம்பு கட்டினால் அதுவும் தீரும். டிஜிட்டல் அல்லாத படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.