தமிழில் சொன்னாலும் கேட்க வேண்டும்

கேரளம் முதியோர் பெருகி வரும் மாநிலம். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் வெளி மாநிலங்களுக்கும் பிழைக்கப் போய்விட்ட வீடுகளில் பெற்றோரைக் கவனிக்க ஆளில்லை. எனவே விருத்தசதனங்கள் பெருகுவதில் வியப்பில்லை. தர்மத்துக்கு நடப்பவையும் உண்டு. மாதக் கட்டணம் வாங்குபவையும் உண்டு.

அன்போடு கவனிக்கும் இல்லங்கள் பல. ஆயினும் வேளைக்கு மருந்து தரவில்லை, படுக்கைப்புண்ணைக் கவனிக்கவில்லை, உறவினரைப் பார்க்க விடவில்லை என்ற புகார்கள் நாட்டின் பல பாகங்களிலும் எழுகின்றன. அவற்றை விசாரிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, அலுவலக அறையில் அமர்ந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போவது விசாரணை ஆகாது. நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது, அவர் போடும் சோற்றை உண்பவர் என்ன குறை சொல்ல முடியும்?

காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரியில், பிணத்தோடு ஒரே வேனில் கொண்டு செல்லப்பட்ட மூதாட்டி கூச்சலிட்டார். வழியில் இருந்தவர்கள் வண்டியை நிறுத்தினர். பிறகு அதிகாரிகள் அங்கிருந்த கருணை இல்லத்தைச் சோதனையிட்டு, தங்கியிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்கு எப்படியானாலும், அந்த மூதாட்டியின் குரல் தெருவில் நின்றவர்களுக்குப் புரிந்தது என்பது முக்கியம்.

திருவனந்தபுரத்தில் அதே குரல் தமிழில் எழுந்தால் யாருக்குப் புரியும்? சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமந்தும், ஓட்டல்களில் மாவரைத்தும் காலம் கழித்து, ஊரில் உறவற்றுப் போன தமிழர்கள் இங்கே உண்டு. உடம்பில் பலம் இருக்கும் வரை அரைகுறை மலையாளம் போதும். நோயும் மறதியும் வந்த பின் நாவில் நிற்பது தாய்மொழி ஒன்றுதான். "வலிக்கிறது" என்று சொல்வதைப் பிதற்றல் என்று ஒதுக்கிவிட்டால் புகாரே பிறக்காது.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று உரிமை தந்தது. அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. தமிழர் தங்கியுள்ள இல்லத்துக்கு விசாரணைக்குச் செல்லும் குழுவில் தமிழ் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றிச் செல்ல வேண்டும். தங்கியிருப்பவரைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் கடமையும் பாக்கி இருக்கிறது. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யவும், குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. முதியோருக்கென்று ஒரு கமிஷன் அமைக்க 2025 மார்ச்சில் கேரள சட்டமன்றம் சட்டம் செய்தது பாராட்டத்தக்கது. மொழி தெரியாத முதியோரின் நிலையை அந்தக் கமிஷன் தனியாக ஆராய வேண்டும்.

தமிழ் மக்களுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளைகள் கைவிட்டார்கள் என்றால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. இல்லத்தின் மீது குறை என்றால் மாவட்ட சமூக நீதி அலுவலருக்கு எழுத வேண்டும். முதியோர் உதவிக்கான 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம். பார்த்தது என்ன, பார்த்த தேதி எது என்று தெளிவாக எழுதி, மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மனு எழுத ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமே! பண்டிகைக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டுப் படம் பிடித்துக்கொள்வதோடு சங்கங்களின் கடமை தீர்ந்துவிடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் சென்று, "சாப்பிட்டீர்களா, தாத்தா?" என்று தமிழில் கேட்டுவிட்டு வந்தால் போதும். கேட்க ஆள் வருவது தெரிந்த இல்லத்தில் கவனிப்பும் தானே சீராகும். சங்கங்கள் முன்வருமா?