மலையில் பால்கனித் திரை வெயிலுக்கு அல்ல, ஈரத்துக்கு

கொடைக்கானலில் நாயுடுபுரத்திலிருந்து வில்பட்டி போகும் சாலையில் புதிதாக எழும்பியிருக்கிற வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், மாடிக்கு மாடி பால்கனி, பால்கனிக்குப் பால்கனி ஏதோ ஒரு திரை. ஒன்றில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், அடுத்ததில் மூங்கில் தட்டி, அதற்கடுத்ததில் நாற்றங்காலுக்குப் போடும் பச்சை வலை. கொஞ்சம் தள்ளி, லாரித் தார்ப்பாயையே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பல திரைகள் மஞ்சளித்தோ, ஓரம் கிழிந்தோ, கரும்பூஞ்சணம் பிடித்தோ கிடக்கின்றன. எல்லாம் ஆசைப்பட்டு, காசு கொடுத்து மாட்டியவைதான். கடையில் நின்று, "வெயிலை மறைக்குமா?" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மதுரையில் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்த மலையில், "நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயும், பூண்டு காயும், காலை பத்து மணிக்கு மேல் என் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து முதுகைக் காயவைப்பார். மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ஊரில், வயதானவர்களுக்கு அந்த இரண்டு மணி நேர வெயில் மருந்துக்குச் சமம். அந்த வெயிலைப் பன்னிரண்டு மாதமும் அடைத்துவைக்கிற திரையை விற்பனையாளர் என்னதான் புகழ்ந்தாலும் நான் ஏற்கமாட்டேன். மழைச்சாரலும் மேகமும் வரும்போது இறங்க வேண்டும். வெயில் அடித்தால் ஒரு கிழவியின் கையாலேயே மேலே சுருண்டுவிட வேண்டும். எங்கள் வீட்டுத் திரைக்கு நான் வைத்த முதல் நிபந்தனை அது.

குளிர்ந்த ஊர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உடம்புக்கு இதமாக இருக்கிற வெயில் பிளாஸ்டிக்குக்கும் நூலுக்கும் இதமாக இருப்பதில்லை. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் கடல் மட்டத்திலிருந்து 2100 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் நிற்பவரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகக் கதிரை நம் பால்கனி வாங்குகிறது. சூரியனை ஆராய 1899-இல் ஓர் ஆய்வகத்தை இந்த மலையில் அமைத்தார்கள் என்றால், இங்கத்திய வெயிலின் தெளிவை நம்பித்தான். மெல்லிய மேகம் போர்த்திய நாளிலும் புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆக, நம் ஊர்த் திரைக்கு வெயிலும் கடுமை, ஈரமும் கடுமை. சமவெளியில் ஐந்தாறு ஆண்டு உழைக்கிற பொருள் இங்கே அதற்கு முன்பே நொறுங்கினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கண்ணாடித் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விடுதிகளும் தங்கும் வீடுகளும் அதைத்தான் விரும்பி மாட்டுகின்றன. காட்சியும் தெரியும், மழையும் வராது என்பது கணக்கு. அது பி.வி.சி. இயல்பில் பி.வி.சி. விறைப்பான பொருள், அதை வளைய வைப்பதற்காக இளக்கிகளைச் சேர்த்துத் தாளாக்குகிறார்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த இளக்கி மெல்ல வெளியேறும். தாள் மஞ்சளாகும், விறைக்கும். 8 டிகிரிக் குளிரில் விடியற்காலையில் அதைச் சுருட்டிப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடிக்கும். இன்னொன்று, அது காற்றை விடாது. பால்கனிக்குள் உலரும் துணியின் ஈரம், கொதிக்கும் தண்ணீரின் ஆவி, மனிதர் மூச்சு எல்லாம் குளிர்ந்த தாளின் உட்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, வழிந்து, தரையில் தேங்கும். மழையை வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தவர்கள் வீட்டுச் சுவரின் அடிப்பக்கம் கறுத்துக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். காட்சிக்காக மாட்டிய தாள் மங்கியபின் அந்தப் பக்கம் வில்பட்டிப் பள்ளத்தாக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மூங்கில் தட்டி எனக்கு மிகவும் பிடிக்கும். பார்க்க அழகு, மட்கும் பொருள், பின்னுகிறவருக்குப் பிழைப்பு. ஆனால் மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. பூஞ்சணமும் துளைப்பான் வண்டும் தேடி வருவது அதைத்தான். தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் அந்தச் சத்து ஓரளவு வெளியேறும் என்பது பழைய மூங்கில்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்துவது இன்னும் நல்லது. ஆனால் நேரடியாக மழை படுகிற இடத்தில் அந்த மருந்தும் கழுவிக்கொண்டு போய்விடும். அகலமான கூரைக்கு உள்ளே, சாரல் எட்டாத இடத்தில் மூங்கில் தட்டி தாராளமாக இருக்கட்டும். மழை முகத்தில் மாட்டினால் அது நிலைக்காது. வெட்டிவேர்த் தட்டி சொல்லவே வேண்டாம். தண்ணீர் தெளித்தால் அது உலரும்போது காற்றைக் குளிர்விக்கும். காற்று வறண்டிருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். கோடைக்கால மதுரைக்கு அது அருமையான பொருள். மேகமே வீட்டுக்குள் நுழைகிற ஊரில் அது ஈரமாகவே கிடந்து மக்கும்.

எனக்குச் சரியென்று படுவது, பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் இழையில் நெய்த வலைத்துணி. கடையில் இதை 3 விழுக்காடு, 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்று சொல்வார்கள். துணிப் பரப்பில் எத்தனை பங்கு துளை என்பதுதான் அந்தக் கணக்கு. 5 விழுக்காடு போதும். காற்றில் அடித்துவரும் மழைத்துளி அதில் மோதி உடைந்து பெரும்பாலும் வெளியிலேயே வழிந்துவிடும். பொடிச்சாரல் மட்டும் கொஞ்சம் உள்ளே வரும். மழை நின்றதும் காற்று அந்தத் துளைகள் வழியாகவே புகுந்து உலர்த்திவிடும். நிறத்தில் அடர்சாம்பல் எடுங்கள். வெளிர்நிற வலை வெயிலில் தானே பளிச்சிட்டுக் கண்ணைக் கூசவைக்கும். அடர்நிறம் ஊடே பார்க்கத் தெளிவாக இருக்கும். அடர்நிறம் சூடேறுமே என்பது சமவெளிக்காரர் கவலை. நமக்கு அந்தச் சூடு கிடைத்தால் நல்லதுதான்.

வலைத்துணி வேண்டாம், பார்வைக்குத் துணி மாதிரியே இருக்க வேண்டும் என்பவர்கள் அக்ரிலிக் வாங்கலாம். அதில் இழை நூற்பதற்கு முன்பே சாயம் கலந்ததா என்று கேளுங்கள். நம் ஊர்க் கேரட்டை எங்கே வெட்டினாலும் உள்ளும் புறமும் ஒரே நிறம். சிவப்பு முள்ளங்கிக்குத் தோலில் மட்டும்தான் நிறம். முன்பே சாயம் கலந்த இழை கேரட்டைப் போன்றது, எளிதில் வெளுக்காது. பருத்திக் கித்தான் மட்டும் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஐப்பசி அடைமழை முடியும்போது அதில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், கையில் அவ்வளவு காசு இல்லாதவர்கள், விவசாயக் கடையில் கிடைக்கும் பின்னல் நிழல்வலையை இரண்டாக மடித்து, ஓரம் அடித்து, கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். 50 விழுக்காடு, 75 விழுக்காடு என்று நிழல் அளவு சொல்லி விற்பார்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்ததா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வத்தலக்குண்டில் லாரிப் படுதா தைக்கிற அண்ணன் ஒருவரிடம் எங்கள் வீட்டுத் திரைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தேன். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அவர், "துணி நல்ல துணிதான் டீச்சர். எல்லாரும் துணியத்தான் பாத்துப் பாத்து வாங்குறாங்க, நூலு என்னன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. மொதல்ல விடுறது நூலுதான்" என்றார். பழைய படுதா ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். துணி அப்படியே இருந்தது. தையல் ஓடிய கோடு மட்டும் வரிசையாக வாய் பிளந்திருந்தது. நகத்தால் ஓர் இழையைச் சுண்டினார், மாவாக உதிர்ந்தது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், மலிவான நைலான் நூல் வெயிலில் உதிரும், வெளியில் தொங்கும் பொருளுக்குத் தடிமனான பாலியஸ்டர் நூல்தான் என்று விளக்கினார். மடித்து இரட்டைத் தையல் போட்டு, இரும்பு வளையத்துக்குப் பதிலாகப் பித்தளை வளையம் அடித்துக் கொடுத்தார். எந்த விளம்பரத்திலும் நான் இதைப் படித்ததில்லை. தையல் விட்டால் மறுபடி அவரிடமே கொண்டுபோகலாம். சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பராமரிப்பு குறைவு என்று சொல்லி விற்கிற பல திரைகளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால் முழுத் திரையும் வீண். அந்த உதிரிப் பாகம் மலைக்கு வந்து சேர்வதே இல்லை.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்து இந்த மலைவரை வந்தபோது மரங்களே சாய்ந்தன, பல நாள் மின்சாரம் இல்லை. 10 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு ஒரு திரையை இறக்கிவிட்டு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடித்தால் அதன்மீது விழும் விசை ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய ஆள் அதில் சாய்ந்து தள்ளுவது மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். துளையுள்ள வலைக்கு இது சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதனால் ஒரே அகலத் திரையாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். பக்கத்துக்கு ஒரு துருப்பிடிக்காத கம்பியை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டி, அதில் திரை ஓடும்படி செய்யுங்கள். ஓரங்களில் ஜிப் வைத்து அலுமினியத் தடத்துக்குள் ஓடுகிற வகை காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பாசியும் மண்ணும் அந்தத் தடத்தில் சேர்ந்தால் இழுக்க வராது, அதை அவ்வப்போது உலர்ந்த பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பெருங்காற்று என்று எச்சரிக்கை வந்தால் எந்தத் திரையானாலும் சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

துருவைக் கூட்டும் கடல் உப்பு நமக்கு இல்லை. கடற்கரையில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு தேவைப்படுகிற இடத்தில் இங்கே 304 போதும். பவுடர் பூச்சு கொடுத்த அலுமினியமும் போதும். சாதாரண இரும்பு ஆணி வேண்டாம். மோட்டார் வைத்த திரையும் வேண்டாம்; மழை பிடித்ததும் மின்சாரம் போகிற ஊரில், திரையை இறக்க வேண்டிய நேரத்தில் அது இறங்காது. தொங்குகிற கயிற்று வளையத்தைத் தவிர்ப்பது மிக முக்கியம். குழந்தைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. நாயுடுபுரத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது: குரங்கு. தொங்குகிற கயிற்றைக் கண்டால் அது விடாது. கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளும் சுழற்றுக் கைப்பிடி இந்த இரண்டு தொல்லைக்கும் தீர்வு.

எந்தத் திசைப் பால்கனி என்பதையும் பாருங்கள். நாம் 10 பாகை வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும்; மார்கழியில் தெற்கே நன்றாகச் சாயும். தெற்குப் பால்கனிக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் வெயிலை மறைக்கவே கூடாது. மேற்குப் பார்த்த பால்கனிக்குத்தான் ஆனி, ஆடிக் காற்றுச் சாரலும் தாழ்ந்த மாலை வெயிலும் சேர்ந்து வரும். கையில் இருக்கிற காசை அந்தப் பக்கத்துக்குச் செலவிடுங்கள்.

வீடு கட்டப் போகிறவர்கள், திரைக்கு முன்னால் கூரையை யோசியுங்கள். மழை 45 பாகை சாய்ந்து விழுந்தால், 3 அடி நீண்ட கூரை தனக்குக் கீழே 3 அடியைக் காக்கும். பழைய கொடைக்கானல் பங்களாக்களின் சரிந்த கூரை சுவரைத் தாண்டி நீண்டு நிற்பது இதற்குத்தான். அதை நறுக்கிவிட்டு மொட்டைத் தளமும் கண்ணாடிக் கைப்பிடியும் வைத்துவிட்டு, அப்புறம் திரைக்காரரைத் தேடுகிறோம்.

கழுவுவது பெரிய வேலை அல்ல. பூஞ்சணம் பெரும்பாலும் வலைமேல் படிந்த தூசியைத் தின்றுதான் வளர்கிறது. சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு முறை. பிளீச்சிங் போட்டால் பூச்சும் தையலும் போகும். ஈரத்தோடு சுருட்டாதீர்கள், வேறு வழியில்லாமல் சுருட்டினால், அடுத்த வெயிலுக்கு முதல் வேலையாக விரித்துவிடுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது கிழிந்த தாளின் கதி. நகராட்சிக் குப்பை போய்ச் சேர்வது பிரகாசபுரம் கிடங்குக்கு. சோலைக்காட்டை ஒட்டிய இடம் அது. அங்கேயும் போகாத தாளைச் சிலர் குளிருக்கு மூட்டும் தீயில் போடுகிறார்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சினும் உண்டாகும். சுற்றி உட்கார்ந்து கை காய்ச்சுகிற குழந்தைகள் அதைத்தான் மூச்சில் இழுக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்ட ஊர் இது. ஒரு விடுதி ஒரே தடவையில் கழற்றிப் போடுகிற பால்கனித் தாள் எத்தனை பாட்டிலுக்குச் சமம்? நாட்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் உற்பத்தியாளர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பொட்டலப் பிளாஸ்டிக்கைச் சுற்றியே இருக்கிறது. திரைத் தாள் அதில் வராது. ஆகவே நம் நகராட்சியே இரண்டு விதி கொண்டுவரலாம். மலையில் திரை மாட்டித் தருகிற ஒவ்வொரு கடையும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். புதிதை மாட்டும்போது பழையதைக் கழற்றி, தன் வண்டியிலேயே கீழே கொண்டுபோக வேண்டும். விடுதிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது அந்த ரசீதைக் கேட்டால் போதும்.