தாய் வௌவாலிடம் கேட்க வேண்டிய கேள்வி

காளவாசலைத் தாண்டித் தேனி சாலையில் போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரும். 1970களில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் அங்கே குகை வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வௌவாலிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தாய்மைக்கு உடல் கொடுக்கும் விலை என்ன?

நம் ஊர்ப் பழந்தின்னி வௌவால்களில் குட்டைமூக்கு இனம் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு குட்டியாக ஈனும். குட்டியின் எடை தாயின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு! 60 கிலோ பெண் 15 கிலோ குழந்தை பெறுவதாக எண்ணிப் பாருங்கள். முதல் நாட்களில் அதைச் சுமந்துகொண்டே பறக்கவும் வேண்டும்.

இதற்கான ஆற்றல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி ஆக்சிஜனை அடைகின்றன. சில, வழியிலேயே கசிந்து ஆக்சிஜனைத் தீவிர மூலக்கூறாக்கிவிடும். (கசிவில்லாத இயந்திரம் ஏது?) அது கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றைத் தாக்கும்.

அப்படியானால் பாலூட்டும் தாய்க்குச் சேதம் அதிகம் என்றுதானே சொல்வீர்கள்? கூடுதல் குஞ்சுகளை வளர்த்த வரிக்குருவிகளின் தாங்குதிறன் குறைந்ததாக 2004இல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் ஆய்வகச் சுண்டெலிகள் பலவற்றில் சேதம் கூடவில்லை. வேலை மும்முரமாக நடக்கும்போது எலெக்ட்ரான்கள் தேங்குவதில்லை, கசிவும் குறையலாம்.

கூண்டு எலிக்கு உணவு தட்டில் வருகிறது. வௌவால் தேடிப் பறக்க வேண்டும். ஆகவே விடையைக் காட்டில்தான் தேட வேண்டும். ஒரு துளி இரத்தம் போதும். அதுவரை, குட்டியோடு தொங்கும் வௌவால்மேல் கல்லெறியாதீர்கள். அது பதறிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் பாலுக்கான ஆற்றல்தான் செலவாகிறது.