மஞ்சள் பை அவமானமா?

சந்தைக்குப் போகிறவன் கையில் மஞ்சள் துணிப்பையைக் கண்டால் பட்டிக்காட்டான் என்று சிரிக்கின்றோம். வெறுங்கையை வீசிக்கொண்டு போய், உளுந்துக்கு ஒரு பை, தக்காளிக்கு ஒரு பை, குழம்புக்கு ஒரு பை என்று ஏழெட்டு வாங்கி வந்து தெருவில் எறிகிறவனை நாகரிகக்காரன் என்கின்றோம். இதில் அறிவு எங்கே இருக்கின்றது?

கால் மணி நேர உபயோகத்திற்கு, பேரன் காலத்திலும் மக்காத பொருளில் பை செய்வது புத்திசாலித்தனமா? அது சாக்கடையை அடைக்கின்றது. மாட்டின் வயிற்றை அடைக்கின்றது. எரித்தாலோ நச்சுப் புகை. 1988-லும் 1998-லும் சாக்கடை அடைபட்டு வெள்ளம் வடியாமல் தவித்த வங்கதேசம், 2002-லேயே மெல்லிய பைகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கின்றது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று சர்க்கார் பிரசாரமும் தொடங்கிற்று. பலன் என்ன? கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றார். நாமும் கூசாமல் வாங்கிக்கொள்கின்றோம்.

அடைத்த சாக்கடையில் இறங்குகிறவன் யார்? எறிந்தவனா? இல்லை. எந்த ஜாதியாரை அவ்வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாய் ஒதுக்கி வைத்தோமோ, பெரும்பாலும் அவர்களேதான் இன்றும் இறங்குகின்றார்கள். ஆகவே நாம் வீதியில் எறியும் ஒவ்வொரு பையும் இன்னொரு மனிதன் தலையில் எறிவதேயாகும்.

"பார்த்தீர்களா, முன்னோர் வழக்கமே மேல் என்று இவர்களே ஒப்புக்கொண்டார்கள்" எனச் சில பண்டிதர்கள் குதிக்கலாம். குதிக்க வேண்டாம். டீக்கடைத் தனி டம்ளரும் கொட்டாங்கச்சியும்கூட முன்னோர் வழக்கந்தான். அவையும் திரும்ப வரவேண்டுமா? சில ஊர்களில் ஒரு ஜாதிக்குக் கண்ணாடிக் கிளாஸும், மற்றொரு ஜாதிக்கு எறிகின்ற கப்பும் கொடுத்தார்களே, அதில் குப்பையும் இழிவும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கவில்லையா? நாம் கேட்பது எல்லோருக்கும் கழுவிய ஒரே டம்ளர்!

பழையது என்பதற்காக எதையும் ஏற்கோம். புதியது என்பதற்காக எதையும் தள்ளோம். ஆஸ்பத்திரி ரத்தப் பையும் பிளாஸ்டிக்தான்; உயிரைக் காக்கின்றது, இருக்கட்டும். கடைக்குத் துணிப்பை, மீனுக்கும் கறிக்கும் எவர்சில்வர் தூக்கு, எண்ணெய்க்கு வீட்டுப் பாத்திரம், சாப்பாட்டுக்கு வாழையிலை என்பவை கணக்குப் பார்த்தே நாம் கேட்பவை. துணிப்பையும் ஒன்றையே நூறு தடவை உபயோகித்தால்தான் லாபம். மாதம் ஒன்று வாங்கினால் அதுவும் குப்பையே.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பை துவைப்பதும் தூக்குக் கழுவுவதும் பெண்கள் தலையில் இன்னொரு சுமையாய் விழுமானால், அப்படிப்பட்ட சீர்திருத்தம் நமக்கு வேண்டாம். தின்பவன் கழுவட்டும், வாங்குபவன் துவைக்கட்டும். நாளைக் காலையில் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நீங்களே புறப்படுங்கள். யார் சிரிக்கின்றார்கள் பார்ப்போம்!