தடுப்பூசி வேளையில் தாய்மடி

“ஊசி போட்டால் குழந்தை அழத்தானே செய்யும்?” என்று பாட்டிமார் இளந்தாய்க்கு ஆறுதல் கூறுவதைத் தடுப்பூசி அறையின் வாசலில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். பச்சிளங்குழந்தை வலியை முழுமையாக உணராது என்ற கருத்து 1980கள் வரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. இந்தூரில் மருத்துவம் பயின்ற கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தை அசைத்தது.

ஆறாம் வாரத்தில் குழந்தைக்குச் சொட்டு மருந்துகளுடன் பென்டாவலன்ட், நிமோகாக்கல், போலியோ என மூன்று ஊசிகள் போடப்படுகின்றன. அன்றைய கதறலைக் கண்டு கலங்கும் தாய், பத்தாம் வாரத்திற்கு வரத் தயங்கினால் இழப்பு குழந்தைக்கே. ஆகவே வலியைத் தணிப்பதும் தடுப்பூசிப் பணியின் ஒரு பகுதி என்பது எங்கள் கருத்து.

அதற்குச் செலவில்லாத வழி தாய்ப்பால். ஊசி போடும்போதோ, அதற்குச் சற்று முன்போ பாலூட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. 1066 குழந்தைகள் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, பாலருந்திய குழந்தைகளின் அழுகை சராசரியாக 38 விநாடிகள் குறைந்ததாகக் கூறுகிறது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அழும் குழந்தையை ஏந்தி நிற்கும் தாய்க்கு அதன் நீளம் தெரியும். தாயின் உடற்சூடு, மணம், பாலின் சுவை, உறிஞ்சும் செயல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே குழந்தையை அமைதிப்படுத்துகின்றன.

முதலில் சொட்டு மருந்து கொடுக்கப்படட்டும். பின்னர் தொடை தெரியுமாறு ஆடையைத் தளர்த்தி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பாலூட்டத் தொடங்குங்கள். குழந்தை சீராக உறிஞ்சத் தொடங்கியதும் ஊசி போடலாம். முடிந்த பின்னும் சில நிமிடங்கள் தொடருங்கள். பாலூட்ட இயலாதவர்கள் குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளலாம். வலிக்குமோ என்று அஞ்சி, ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டியதில்லை.

பலர் பார்க்கும் இடத்தில் பாலூட்டக் கூச்சமாக இருக்கிறது என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் தாய்மார் கூறுவது நியாயமே. அக்குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் தாய்மார் அல்லர், நாங்கள்தான். குளிர்பெட்டி எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதவை ஒரு நாற்காலியும் ஒரு திரையும். ஊசி போடுவதற்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி மேசையில் கிடத்தும் பழக்கத்தையும் நாங்கள் கைவிட வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, “பால் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஊசி போடுங்கள்” என்று செவிலியரிடம் தயங்காமல் கூறுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. அதற்கு இடம் செய்து தருவது எங்கள் கடமை.